கூமுட்டை யார் கணக்கில்?

அடைக்கு வைக்கிற முட்டையைக் காசு கொடுத்து வாங்குவது மற்ற கொள்முதலைப் போன்றதல்ல. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். அரிசி வாங்குகிறவர் உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கலாம். முட்டையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஓட்டில் விரிசல் இருக்கிறதா, அழுக்காக இருக்கிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடும். உள்ளே கரு கூடியிருக்கிறதா என்பது அடை வைத்து ஏழெட்டு நாள் கழித்து விளக்கொளியில்தான் தெரியும். குஞ்சு வெளியே வருமா என்பது 21ஆம் நாள் தெரியும். வந்த குஞ்சு விற்றவர் சொன்ன இனம்தானா என்பது கொண்டையும் கழுத்திறகும் வாலும் தெளிந்த பிறகு, அதாவது நாலைந்து மாதம் கழித்துத் தெரியும். காசு மட்டும் முதல் நாளே கைமாறிவிடுகிறது. பொருளின் உண்மை இவ்வளவு தாமதமாக வெளியே வருகிற சரக்கு சந்தையில் வேறு அதிகம் இல்லை.

இன்று இந்த வியாபாரம் கைபேசிக்குள் நடக்கிறது. படத்தைப் பார்த்து, பணத்தை அனுப்பி, கூரியரிலோ பஸ் பார்சலிலோ முட்டை வந்து சேர்கிறது. பொரிக்காவிட்டால் வாங்கியவர் ‘ஏமாற்றிவிட்டான்’ என்கிறார், விற்றவர் ‘இன்குபேட்டரைச் சரியாக ஓட்டத் தெரியவில்லை’ என்கிறார். இணையம் வந்ததால் மனிதர்களின் நேர்மை குறைந்துவிட்டது என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். இந்த வியாபாரத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. தூரத்திலிருந்து முட்டை வாங்கும் பழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. அதன் தொடக்கத்தில் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய பொய்கள் இருந்தன. பிறகு ஒருவாறு சீர்ப்பட்டது. அப்படிச் சீர்ப்பட்டது விற்பவர்கள் திடீரென நல்லவர்களானதால் அல்ல. முட்டை தன் உண்மையைச் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறதோ அத்தனை நாளும் கணக்கை மூடாமல் திறந்து வைக்கவும், நட்டத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளவும் அந்தத் தொழில் கற்றுக்கொண்டது. இணையச் சந்தை தொலைத்தது அந்த ஏற்பாட்டைத்தான் என்பது என் வாதம்.

முட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை மிகப் பழையது. கி.மு. 37 வாக்கில் தன் வேளாண்மை நூலை எழுதிய ரோமானிய அறிஞர் வர்ரோ, வெறும் முட்டை தண்ணீரில் மிதக்கும், நல்லது மூழ்கும் என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவுவது வெறும் முட்டை என்ற சோதனையையும் குறித்து வைத்திருக்கிறார். முட்டையைக் குலுக்கிப் பார்ப்பவர்கள் தவறு செய்கிறார்கள், அது உள்ளே உயிர் இழைகளைக் கலைத்துவிடும் என்றும் எச்சரிக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கொலுமெல்லா, பருவத்துக்கேற்ப 15, 19, 21 என்று அடை வைக்கச் சொல்கிறார். எப்போதும் ஒற்றைப்படை எண்தான் வைக்க வேண்டும் என்கிறார். நம் ஊர்ப் பாட்டிமார் அடை வைப்பதும் ஒற்றைப்படையில்தான். ஆனால் அந்தக் காலத்து முட்டை அதே பண்ணையில் இட்டு அதே பண்ணையில் பொரிந்தது. சேவல் கண்முன்னே நின்றது. முட்டை பொரிக்கவில்லையென்றால் குற்றம் சாட்ட இன்னொருவர் இல்லை. அந்நியர் ஒருவர் நடுவே வந்தபோதுதான் அது வழக்காக மாறியது.

அந்த அந்நியர் வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். சீனத் துறைமுகங்களிலிருந்து, காலெல்லாம் இறகு மூடிய பெரிய கோழிகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில் வந்து இறங்கின. விக்டோரியா அரசியே 1840களில் அவற்றை வளர்த்தார். 1849 நவம்பரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் நடந்த கோழிக் கண்காட்சிக்குச் சுமார் 10,000 பேர் திரண்டார்கள். அதற்கடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு இரண்டு நாடுகளிலும் கோழிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ‘கோழிக் காய்ச்சல்’ என்றே அந்தக் காலத்துக்குப் பெயர். அந்தச் சந்தையில் பெயரே பாதி விலை. ‘கொச்சின்’ என்று விற்ற கோழிகள் நம் கொச்சியிலிருந்து வந்தவையல்ல. கொச்சின்-சைனா என்று அழைக்கப்பட்ட தென் வியட்நாமிலிருந்து வந்தவையும் அல்ல. அவை ஷாங்காய்ப் பக்கத்துக் கோழிகள். ‘பிரம்மபுத்ரா’ என்ற பெயரில் இன்னொரு இனம் வந்தது. அது நம் வடகிழக்கு ஆற்றங்கரையிலிருந்து வந்ததா, ஷாங்காய்ச் சாம்பல் நிறக் கோழிக்குச் சூட்டிய புதுப்பெயரா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் கோழிப் புத்தகங்களில் ஓடியது. அந்தப் பெயர் சுருங்கி இன்றும் ‘பிரம்மா’ என்று நிற்கிறது.

பாஸ்டன் அருகே இருந்த ஜார்ஜ் பர்னம் என்பவர் அந்தக் காய்ச்சலின் முதன்மை வியாபாரி. 1852இல் விக்டோரியா அரசிக்குக் கோழிகளைப் பரிசாக அனுப்பி, வந்த நன்றிக் கடிதத்தைத் தன் வியாபாரத்துக்கு முத்திரையாக்கிக்கொண்டார். காய்ச்சல் தணிந்த பிறகு 1855இல் ‘கோழிக் காய்ச்சலின் வரலாறு’ என்று புத்தகமே எழுதி, மக்கள் எப்படி மயங்கினார்கள், விற்பவர்கள் அதை எப்படி ஊதிப் பெருக்கினார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்தப் பரபரப்பின் மையத்தில் இருந்தது கோழியைவிட முட்டைதான். கோழி விலை சாமானியருக்கு எட்டாதது. ஒரு அடைக்கு 12 அல்லது 13 முட்டை என்பது எட்டுகிற விலை. முட்டை வாங்கினவர் தன் வீட்டு நாட்டுக் கோழியின் அடியில் அதை வைத்து, அடுத்த ஆண்டு தானும் முட்டை விற்பவராகிவிடலாம் என்று கணக்குப் போட்டார். இங்கேதான் கோளாறு தொடங்கியது. தின்னும் முட்டையின் விலைக்கும் அடை முட்டையின் விலைக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளி, முட்டையின் குணத்தால் வந்ததல்ல. அடுத்து வாங்க ஒருவர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கையால் வந்தது. அந்த வரிசை தீர்ந்த நாளில் விலை சரிந்தது.

அன்றைய வாங்குபவர்களிடையே புழங்கிய ஒரு சந்தேகம் கவனிக்கத்தக்கது. முட்டையை அனுப்புமுன் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்துவிடுகிறார்கள், அல்லது நுண்ணிய ஊசியால் குத்திவிடுகிறார்கள், நல்ல இனம் அடுத்தவர் கைக்குப் போகாமல் இருக்கச் செய்கிற வேலை அது என்று பேசிக்கொண்டார்கள். யாரோ சிலர் அப்படிச் செய்திருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பேச்சு பரவியதற்குக் காரணம், பொரிக்காத முட்டைக்கு வாங்குபவரிடம் வேறு விளக்கம் இல்லாமல் போனதுதான். விற்பவர்களிடமும் அவர்கள் பங்குக்கு ஒரு சந்தேகம் இருந்தது: ‘பொரிக்கவில்லை, இதோ வெறும் முட்டைகள்’ என்று திருப்பி அனுப்புபவர், தன் வீட்டுக் கோழியின் முட்டையை அனுப்பிவிட்டு விலையுயர்ந்த குஞ்சுகளைக் கூட்டுக்குள் வளர்க்கிறாரோ? சேவல் எத்தனை கோழிகளோடு திரிந்தது, முட்டை எத்தனை நாள் பழையது என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும். அடைக்கோழி எத்தனை முறை எழுந்துபோனது, இன்குபேட்டர் ஒரு இரவு அணைந்துகிடந்ததா என்பது வாங்குபவருக்கு மட்டும் தெரியும். இருவருக்கும் நடுவே இருந்த ரயில் பயணம் என்ன செய்தது என்பது இருவருக்குமே தெரியாது.

இந்த மூன்றாவது விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டையின் பருத்த முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. குலுங்கிய பயணத்தில் அந்த அறையின் சவ்வு பிய்ந்து குமிழ் அலைய ஆரம்பித்துவிட்டால் பொரிப்பு குறையும். வெயிலில் நின்ற வண்டியில் முட்டை 25 பாகைக்கு மேல் சூடேறினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு குளிர்ந்து செத்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டையின் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். இதில் எதற்கும் யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை. பயணம் வந்த முட்டையை ஒரு நாள் கூர்முனை கீழாக அசையாமல் வைத்து, பிறகே அடைக்கு வைக்கச் சொல்வது இதனால்தான். நேர்மையான விற்பவர், கவனமான வாங்குபவர், நல்ல முட்டை, மூன்றும் அமைந்தும் 13இல் ஐந்து மட்டும் பொரிக்கலாம். பொய் எது, விபத்து எது என்று பிரிக்க முடியாத இடத்தில் நேர்மையானவருக்கு நல்ல பெயர் கிடைக்காது, ஏமாற்றுபவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியது. வாங்குபவரால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாதபோது எல்லாவற்றுக்கும் சராசரி விலையே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்குக்காரர் விற்கமாட்டார், விலகிவிடுவார். சந்தையில் கெட்டதே மிஞ்சும். அதே கட்டுரையில் நம்மூர்ச் சங்கதியும் ஒன்று உண்டு: கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அதே நிறமும் வடிவமும் கொண்ட கல்லை இந்தியக் குடும்பப் பெண் பொறுக்க வேண்டியிருப்பதை நேர்மையின்மையின் விலைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். ஆனால் அரிசிக்கல்லைப் பொறுக்கலாம். முறத்தைத் தட்டினால் மாலைக்குள் கணக்கு முடிந்துவிடும். முட்டையின் கல் மூன்று வாரம் கழித்துத்தான் பல்லில் படுகிறது.

இந்தச் சிக்கலைத் தொழில் எப்படிச் சமாளித்தது? முதலில் வந்தது பணத்தை நடுவில் நிறுத்துகிற ஏற்பாடு. லண்டனில் 1868இல் தொடங்கிய ‘பஜார், எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்’ என்ற விளம்பரப் பத்திரிகை, ஒருவரையொருவர் அறியாதவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்வதற்காகவே நடந்தது. அதன் வைப்புத்தொகை முறை எளியது. வாங்குபவர் பணத்தை விற்பவருக்கு அனுப்புவதில்லை, பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். பணம் வந்துவிட்டது என்று அலுவலகம் விற்பவருக்குத் தெரிவிக்கும். சரக்கு போய்ச் சேர்ந்து, வாங்கியவர் திருப்தி என்று எழுதிய பிறகு பணம் விற்றவருக்குப் போகும். நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1877இல் இந்தியத் தபால் துறை தொடங்கிய வி.பி.பி. முறையின் உள்ளர்த்தமும் இதுதான். தபால்காரர் வாசலில் பார்சலோடு நிற்கும்போதுதான் பணம். அமெரிக்கத் தபால் 1913 ஜனவரியில் பார்சல் சேவையைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலையில் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் வசதியையும் சேர்த்தது.

இவையெல்லாம் ஒரு பொய்யைத்தான் தடுத்தன: பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கே அனுப்பாத பொய். அது சிறிய உதவி அல்ல, ஆனால் முட்டைக்கு அது போதாது. பெட்டியைப் பிரித்து, உடையாமல் 13 இருக்கின்றன என்று பார்த்துத் திருப்தி எழுதிவிட்டால் பணம் போய்விடும். முட்டையின் கதை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பத்திரிகை அலுவலகம் 21 நாள் பணத்தை வைத்திருந்தாலும், பொரிக்காததற்கு யார் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல அதனிடம் என்ன இருக்கிறது?

இதற்கு விடையை முட்டைக்காரர்களே கண்டுபிடித்தார்கள். என் பார்வையில் இந்தத் தொழிலின் சரித்திரத்திலேயே மதிக்கத்தக்க கண்டுபிடிப்பு அதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரிட்டிஷ் கோழி விளம்பரங்களில், இனத்தின் பெயர், ஒரு அடையின் விலை, இவற்றுக்குப் பின்னால் ஒரு சிறு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கும்: ‘வெறும் முட்டைகள் ஒரு முறை மாற்றித் தரப்படும்’. அமெரிக்கப் பண்ணைகளின் விலைப்பட்டியல்களில் வேறொரு வடிவம் பரவலாக இருந்தது: இத்தனைக்குக் குறைவாகப் பொரித்தால் அடுத்த அடை பாதி விலைக்கு. இரண்டும் ஒன்றரை வரி வாக்குறுதிகள். ஆனால் உள்ளே ஒரு தேர்ந்த நியாய உணர்வு இருக்கிறது.

பிரிட்டிஷ் வாசகம் நட்டத்தைக் காரணப்படி பிரித்தது. அதற்கு ஆதாரம் விளக்குச் சோதனை. ஏழாம் நாள் இரவு, இருட்டறையில், சிறு துளையிட்ட மூடிக்குள் விளக்கை வைத்து அந்தத் துளையில் முட்டையின் பருத்த முனையைப் பொருத்திப் பார்த்தால் மூன்று விதமான காட்சிகள் தெரியும். உயிருள்ள முட்டையில், சிலந்தி கால் விரித்தது போல ஒரு கரும்புள்ளியிலிருந்து செந்நரம்புகள் நாலா பக்கமும் ஓடும், உற்றுப் பார்த்தால் நடுப்புள்ளி அசையும். செத்த முட்டையில் நரம்புகள் இருக்காது, ஓட்டோடு ஒட்டினாற்போல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நிற்கும். வெறும் முட்டை உள்ளே மஞ்சள் நிழல் மங்கலாக உருள, கண்ணாடிக் குமிழ் போலப் பளிச்சென்று ஒளிரும். இந்த மூன்றாவதுக்கு வாங்கியவர் பொறுப்பாக முடியாது. சேவல் கூடாத முட்டையை எந்த இன்குபேட்டரும் கெடுத்துவிட முடியாது. எனவே அது விற்றவர் கணக்கு. சிவப்பு வளையம் பயணத்தின் அல்லது அடையின் கணக்கு, வாங்கியவர் ஏற்க வேண்டியது. நம் பேச்சில் பொரிக்காத எல்லாவற்றுக்கும் கூமுட்டை என்ற ஒரே சொல்தான். இந்த வியாபாரம் கூமுட்டையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உடைமையாளரைக் கண்டுபிடித்தது.

இந்தப் பிரிவு முழுத் துல்லியம் அல்ல. அடை வைத்த முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கரு செத்திருந்தால் அந்த முட்டையும் விளக்கில் வெறும் முட்டை போலவே தெரியும். விற்றவருக்கு அது அநியாயம். ஆனால் வாசகம் ‘ஒரு முறை’ என்று எல்லை வைத்திருந்ததால் அந்த அநியாயமும் எல்லைக்குள் நின்றது. அமெரிக்க வடிவம் காரணத்தையே தேடவில்லை, நட்டத்தைப் பாதிப் பாதியாகப் போட்டுவிட்டது. வாங்கியவர் பொய் சொல்லிப் பெறுவதும் பாதிதான், அதற்கும் அவர் பணம் கட்ட வேண்டும். பொய்க்கு லாபம் குறைந்தால் பொய்யும் குறையும்.

விற்பவர்களால் இதைத் தாங்க முடிந்ததன் காரணமும் முட்டையின் விலையிலேயே இருக்கிறது. அடை முட்டையின் விலை தின்னும் முட்டையைப் போல் பல மடங்கு. ஆனால் கோழி இட ஆகும் தீவனச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். மாற்றி அனுப்பும் 4 முட்டைகளின் உண்மையான செலவு விற்றவருக்குச் சில காசுகள், வாங்கியவருக்கோ அவை விலையுயர்ந்த முட்டைகள். ஏமாற்றத் தூண்டிய அதே விலை இடைவெளிதான் ஈடு செய்யவும் வழி கொடுத்தது. சிறு பண்ணைக்காரரால் இப்படி வாக்குக் கொடுக்க முடியாது, இது பெரிய பண்ணைகளின் ஏற்பாடு என்று ஒருவர் சொல்லலாம். செலவைப் பார்த்தால் அப்படியில்லை. ஐந்து கோழி வைத்திருப்பவரும் பருவத்தின் கடைசி வாரங்களில் இடுகிற முட்டையைக் கொண்டு இந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

அடுத்தவரைக் குற்றம் சாட்டுவது எவ்வளவு தூரம் தவறாகப் போகக்கூடும் என்பதற்கு அந்தக் காலமே ஒரு வலுவான சான்று வைத்திருக்கிறது. வாங்கிய முட்டைகள் நன்றாகப் பொரிக்கும், ஆனால் குஞ்சுகள் முதல் இரண்டு வாரத்தில் வெள்ளைக் கழிச்சல் கண்டு கும்பல் கும்பலாகச் சாகும். வாங்கியவர் நோஞ்சான் இனம் என்றார், விற்றவர் குளிரில் விட்டுவிட்டாய் என்றார். கனெக்டிகட்டில் லியோ ரெட்கர் என்ற நுண்ணுயிரியலாளர் 1900 வாக்கில் இதற்குக் காரணமான கிருமியை அடையாளம் கண்டார். பிறகு, அது தாய்க்கோழியின் சூலகத்திலிருந்தே முட்டைக்குள் புகுகிறது என்பதும் தெளிந்தது. தாய்க்கோழி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். விற்றவரும் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் அசட்டையாக இல்லை. இரத்தச் சோதனையில் கிருமி சுமக்கும் கோழிகளைக் கண்டு விலக்கும் வழி வந்து, 1935இல் அமெரிக்காவில் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, சோதிக்கப்பட்ட மந்தையின் முட்டை என்ற சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகள் எத்தனை நேர்மையானவர்கள் ஒருவரையொருவர் திருடர் என்று நினைத்தபடியே உறவை முறித்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

இனத்தைப் பற்றிய பொய்தான் கடைசிவரை எஞ்சியது, அதற்கு முட்டைக்காரர்களிடம் எளிய விடை இல்லை. கண்காட்சிகளும் நடுவர்களும் எழுதி வைத்த இன இலக்கணங்களும் அதை ஓரளவு தாங்கின. டெகெட்மையர் தொகுத்த முதல் பிரிட்டிஷ் இலக்கணம் 1865இல் வந்தது, அமெரிக்கக் கோழிச் சங்கம் 1873இல் அமைந்து அடுத்த ஆண்டே தன் இலக்கணத்தை வெளியிட்டது. பரிசு வாங்கிய சேவல் பொதுவில் நின்றது. அதன் முட்டை என்று விற்பவர் ஊரறியச் சொன்னதற்குக் கட்டுப்பட்டார். ஆனால் பரம்பரை என்பது விற்பவருக்கே முழுதாகத் தெரிவதில்லை. டெகெட்மையரின் உதவியோடு கோழிகளை ஆராய்ந்த டார்வின், இரண்டு தூய இனங்களைக் கலந்தபோது பெற்றோர் இருவரிடமும் இல்லாத காட்டுக்கோழியின் சிவப்பு இறகு பிள்ளையில் தலைகாட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். மறைந்திருந்த மூதாதை எந்தத் தலைமுறையில் எழுந்து வருவார் என்று முட்டை விற்பவர் எப்படிச் சொல்ல முடியும்?

இந்த அனுபவம் முழுவதையும் வைத்துக்கொண்டு இன்றைய இணையச் சந்தையைப் பார்ப்போம். 1995இல் தொடங்கிய ஈபே, 1996இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்நியர்களிடையே நம்பிக்கையை வளர்க்க அது பெரிய வழியாகத் தெரிந்தது, பல சரக்குகளுக்கு உண்மையிலேயே பயன்பட்டது. ஆனால் பழிக்குப் பழி மதிப்பெண்களால் சிக்கல் வர, 2008இல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் தரும் உரிமையை ஈபே எடுத்துவிட்டது. முட்டைக்கு அந்த முறை வேறு காரணத்தாலும் பொருந்தாது. பார்சல் வந்த அன்று, பஞ்சு சுற்றி அழகாகக் கட்டியிருந்தது, ஒன்றும் உடையவில்லை என்ற மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். அந்த நட்சத்திரம் பெட்டி கட்டிய கைக்குத்தான், சேவலுக்கு அல்ல. பொறுமையாக 21 நாள் காத்திருந்து எழுதுபவர் இருந்தாலும், இனம் தெளிய ஆகும் நாலைந்து மாதத்துக்கு மதிப்பெண் போடும் கெடு பொதுவாக நீள்வதில்லை. ஈபேயில் அது 60 நாள். அறுபதாம் நாள் குஞ்சுக்குக் கொண்டை சரியாக முளைத்திருக்காது.

நம் பக்கத்தில் இதன் முழு விளைவையும் கருங்கோழியில் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. இறகிலிருந்து இறைச்சிவரை கருப்பு என்ற கவர்ச்சியால் அதன் அடை முட்டைக்கு இணையத்தில் தனி விலை. கருப்பு ஓடுள்ள முட்டைப் படங்களும் அதன் பெயரில் சுற்றுகின்றன. கடக்நாத்தின் முட்டை கருப்பல்ல, வெளிர் பழுப்பு. எனவே அந்தப் படத்தைப் போடுபவரின் பொய் எளிதில் பிடிபடும். பிடிபடாத பொய் வேறு. தோலும் எலும்பும் கருக்கும் அந்தக் குணம் ஆதிக்க மரபணுவின் வேலை. கடக்நாத் சேவலை வேறு நிறக் கோழியோடு விட்டாலும் குஞ்சுகளில் கருமை பெரும்பாலும் தெரியும். பொரித்த அன்று வாங்கியவர் திருப்தியாக இருப்பார், அடுத்த தலைமுறையில்தான் கலப்பு வெளிப்படும். அதற்குள் அவரே பத்துப் பேருக்குக் கடக்நாத் முட்டை என்று, மனதறிந்த பொய் இல்லாமலே, விற்றிருப்பார். பர்னம் காலத்துக் காய்ச்சலும் மறையவில்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்புத் திட்டங்களும், 2019இல் மகாராஷ்டிரத்துச் சாங்லிப் பக்கம் கடக்நாத் திட்டமும் சரிந்தபோது விவசாயிகள் கையில் பறவைகள் நின்றன, வாங்குவதாகச் சொன்னவர்கள் நிற்கவில்லை. அந்த விலைகளும் அடுத்து வாங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்ற வாக்கின் மேல் நின்றவைதான்.

இதற்கு வரும் கடுமையான மறுப்பு ஒன்று: நட்டத்தைப் பங்கிடு என்று சொல்வது ஏமாற்றுபவனைத் தப்பவிடுகிற பேச்சு, திருடனைத் திருடன் என்று சொல்லித் தண்டிப்பதுதான் முறை என்பது. பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தவனுக்கும், ஊரையே கூட்டி முதலீடு வாங்கியவனுக்கும் அது பொருந்தும். சட்டம் அங்கே வர வேண்டும், வந்தும் இருக்கிறது. ஆனால் 13இல் ஐந்து பொரித்ததை எந்தக் காவல் நிலையமும் விசாரிக்க முடியாது. விசாரித்தாலும் ஆதாரம் அழுகிப்போயிருக்கும். அந்தச் சிறு நட்டங்களில்தான் அன்றாட நம்பிக்கை வளர்கிறது, அல்லது சாகிறது. இன்னொரு மறுப்பு, இன்றைய விற்பவர்கள் முன்னமே ‘பொரிப்புக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், அது நேர்மையல்லவா என்பது. நேர்மைதான், எல்லா முட்டையும் பொரிக்கும் என்று சொல்லி விற்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த வரி பயணம் செய்த கேட்டையும், அடையின் கேட்டையும், சேவலே இல்லாத கேட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாங்குபவர் தலையில் வைத்துவிடுகிறது. முதல் இரண்டையும் அவர் சுமப்பது நியாயம். சேவலுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

நம் கிராமங்களுக்கு இந்தப் பங்கீடு அந்நியமானதல்ல. ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவது போலவே கோழியையும் விடுவார்கள். முட்டையோ கோழியோ ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது, தேறிய குஞ்சில் ஆளுக்குப் பாதி. நரி தூக்கினாலும் பருந்து கவ்வினாலும் இருவருக்கும் பாதி நட்டம். முட்டைக்கு உடையவர் தேறாத முட்டையைக் கொடுத்தால் தன் பங்கையே இழக்கிறார், வளர்ப்பவர் அசட்டையாக இருந்தால் அவரும் அப்படியே. இருவருக்கும் 21ஆம் நாள்தான் கணக்கு நாள். முகம் தெரிந்த ஊருக்குள் இது நடந்தது, முகம் தெரியாதவர்களிடம் நடக்காது என்று ஒருவர் கருதினால், ஒருவர் முகத்தை மற்றவர் ஒருநாளும் பார்த்திராத ரயில் காலத்து முட்டைக்காரர்கள் அதையே ஒன்றரை வரி விளம்பரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கு அதைச் செய்வது அன்றைவிட எளிது. வெறும் முட்டையைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு ஓட்டிலும் விற்பவர் பென்சிலால் இட்ட தேதியும் எண்ணும் அடையாளமாக நிற்கும். ஏழாம் நாள் விளக்கில் வெறுமையாகத் தெரிந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் மேல்பக்கம் இருக்கும் அந்தச் சிறு புள்ளியைக் கைபேசியில் படம் எடுத்தால் போதும். சேவல் கூடாத முட்டையில் அது கெட்டியான, ஓரம் பிசிறிய, சிறு வெண்பொட்டு. கூடியதில் அது அகன்று, நடுவில் தெளிந்து, சுற்றிலும் வட்டமாக நிற்கும். முதல் நாளிலேயே செத்ததா, கருவே இல்லாததா என்று அந்தக் காலத்து விளக்கு சொல்லத் தெரியாமல் நின்ற இடத்தையும் இந்தப் படம் தீர்த்துவைக்கிறது. உடைந்த ஓட்டின் எண்ணும் அதே படத்தில் தெரியும்படி தட்டின் ஓரத்தில் வைத்திருக்க வேண்டும்.